தாசில்தார் கையில் போலீஸ் ஸ்டேஷன்: சாத்தான்குளம், ஜூன் 2020

2020 ஜூன் மாதக் கடைசி. ஊரடங்கு. பாளையங்கோட்டை டீக்கடைகளில் பார்சல் மட்டும்தான். தூக்குவாளியோடு வரிசையில் நின்ற எங்கள் தெருக்காரர், ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கேட்டார்:

"வக்கீல் தம்பி, சாத்தான்குளம் ஸ்டேஷனை ரெவின்யூல எடுத்துக்கிட்டாவளாம்லா? நெசமா? முப்பது வருசம் சர்வீஸ் பாத்தேன். ஸ்டேஷனுக்குப் போனா நமக்கு ஒரு ஸ்டூல் இழுத்துப் போடமாட்டாவ."

"நெசந்தான் அண்ணாச்சி. ஹைகோர்ட் உத்தரவு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப ஏட்டு இனிமே தாசில்தாருக்கு சல்யூட் அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வாளியை நீட்டினார்.

அவருக்கு வந்த வியப்பு எங்களுக்கும் வந்தது. நடந்துகொண்டிருக்கும் ஒரு காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொல்லி ஓர் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை அதற்கு முன் எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அரசமைப்புச் சட்டம் அதிகாரத்தை மூன்றாகப் பிரிக்கிறது என்று சட்டக் கல்லூரியின் தொடக்கத்திலேயே எழுதிப் பழகிவிடுகிறோம்: சட்டமன்றம் சட்டம் இயற்றும், அரசு நடத்தும், நீதிமன்றம் தீர்க்கும். மூன்று கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் பிரிவினை ஒரு ஸ்டேஷன் வாசலில், கைதானவரைக் காவலில் வைக்கச் சொல்லும் ஒரு ரிமாண்ட் தாளில், ஒரு பிணவறையில் எப்படி வேலை செய்கிறது, எங்கே செய்யாமல் போகிறது என்று பார்க்க வேண்டுமானால், 2020 ஜூன் 19 முதல் 30 வரை நம் பக்கத்தில் நடந்ததைத்தான் நான் எடுத்து வைப்பேன்: சாத்தான்குளம் போலீஸ் கைது செய்த ஒரு தந்தையும் மகனும் இறந்தது, அதன் பிறகு நடந்தது. யார் குற்றவாளி என்பது விசாரணை நீதிமன்றத்தின் வேலை. அதற்குள் இந்த ஆய்வு போகவில்லை. இறந்த இருவரின் பெயரும் ஊருக்கே தெரியும். இங்கே தந்தை, மகன் என்றே எழுதுகிறேன்.

எல்லாம் ஒரே துரை

சாத்தான்குளம் இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 அக்டோபர் வரை திருநெல்வேலி மாவட்டம்தான். அந்தப் பழைய பெரிய மாவட்டத்தில் 1908-இல் நடந்தது இதற்கு முன்கதை.

விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையாகும் நாளை, அந்த ஆண்டு மார்ச் 9-ஐ, கொண்டாட வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஏற்பாடு செய்தார்கள். கலெக்டர் வின்ச்சுக்கு அது பிடிக்கவில்லை. 12ஆம் தேதி கைது. 13ஆம் தேதி திருநெல்வேலி கொந்தளித்தது. அரசுக் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அப்புறம் தண்டப் போலீஸ் வந்து இறங்கியது. அதற்கான செலவும் ஊர்க்காரர்கள் தலையிலேயே விழுந்தது.

வீரத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். நான் பார்ப்பது கலெக்டரின் நாற்காலியை. வரி வசூல் அவர் பொறுப்பு. மாவட்டத்தின் அமைதியும் அவர் பொறுப்பு. போலீஸ் அவர் பேச்சைக் கேட்கும். மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டும் அவரே. ஒருவரால் அமைதி கெடும் என்று அவருக்குத் தோன்றினால், ஒழுங்காக இருப்பேன் என்று எழுதித்தரும் நன்னடத்தைப் பிணை கேட்கலாம். கொடுக்காவிட்டால் உள்ளே தள்ளலாம். கூடாதே என்று சொல்பவரும், கூடினால் பிடிக்கச் சொல்பவரும், பிடித்தது சரியா என்று முதலில் பார்ப்பவரும் ஒரே துரை. செஷன்ஸ் நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7-இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்து நாடு கடத்தச் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆறு ஆண்டாகக் குறைத்தது. கீழே எல்லாம் ஒரே கையில் இருந்தபோதும் மேலே வேறொரு கை இருந்ததால் வந்த வித்தியாசம் அது. அதற்காக அந்த நீதிமன்றத்தைத் தலையில் தூக்கிவைக்கவும் முடியாது. சிறைக்குள் செக்குதானே.

நீதி வழங்குவதையும் நிர்வாகத்தையும் பிரி என்று காங்கிரஸ் தொடக்க கால மாநாடுகளிலிருந்தே கேட்டுவந்தது. அதுதான் நமது அரசமைப்புச் சட்டத்தின் 50ஆம் உறுப்பு. 1948 நவம்பரில் அம்பேத்கர் இதை முன்மொழிந்தபோது, மூன்று ஆண்டுக்குள் பிரிக்க வேண்டும் என்ற காலக்கெடு இருந்தது. பிறகு அந்தக் கெடு எடுக்கப்பட்டுவிட்டது. "மூன்று ஆண்டு" போனதால் இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று: 1973-இல் இயற்றி 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் நாடு முழுக்க மாஜிஸ்ட்ரேட்டுகளை நீதித்துறை நடுவர், நிர்வாகத்துறை நடுவர் என்று இரண்டாக்கியது. நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில். நிர்வாகத்துறை நடுவர் என்றால் ஆர்டிஓ என்கிற வருவாய்க் கோட்டாட்சியர், தாசில்தார்; அரசாங்கத்தின் ஆள்.

அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது. காவலில் ஒருவர் இறந்தால் அதை விசாரிப்பவர் ஆர்டிஓ. போலீஸ்மீது புகார், விசாரிப்பவரோ அதே போலீஸோடு திருவிழா பந்தோபஸ்துக்கும் தேர்தலுக்கும் தோளோடு தோள் நிற்பவர். 2005-இல் செய்த திருத்தம், 176ஆம் பிரிவில் (1ஏ) என்று ஒரு சிறு உட்பிரிவைச் சேர்த்தது. காவலில் இறப்பு, காணாமல் போதல், பாலியல் வன்கொடுமை என்றால் இனி விசாரிக்க வேண்டியவர் நீதித்துறை நடுவர். அது நடைமுறைக்கு வந்தது 2006 ஜூன் 23. சாத்தான்குளம் தந்தை இறந்தது, சரியாகப் பதினான்கு ஆண்டு கழித்து, அதே தேதியில்.

இருபத்துநான்கு மணி நேரம் தவறவில்லை

ஜூன் 19 மாலை. செல்போன் கடை. ஊரடங்கு நேரம் தாண்டியும் கடை திறந்திருந்தது என்பது போலீஸ் தரப்பு. முதலில் தந்தையை அழைத்துப் போனார்கள். மகன் பின்னால் போனார். இருவர் மீதும் வழக்கு.

ஒரு கடையின் ஷட்டருக்குப் பின்னால் எத்தனை அரசாங்கம் நிற்கிறது என்று பாருங்கள். ஊரடங்குக்கு அடித்தளம் நாடாளுமன்றம் இயற்றிய பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. கடையை எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று சொன்னது மாநில அரசின் உத்தரவு. அதை அமல்படுத்தும் போலீஸ், ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் இரண்டாம் இனம். முதல் இனம் பொது ஒழுங்கு. பிடித்த பிறகு பொருந்தும் இந்திய தண்டனைச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் பொதுப் பட்டியலில் வருபவை. ஒருவர் சட்டம் போட, ஒருவர் உத்தரவு போட, ஒருவர் வீதியில் நிறைவேற்றுகிறார். வீதியில் நிறைவேற்றுபவர் என்ன செய்கிறார் என்பது டெல்லிக்கும் தெரியாது, கோட்டைக்கும் தெரியாது. அது தெரிவதற்கென்று அரசமைப்புச் சட்டம் வைத்திருக்கும் ஏற்பாடு 22ஆம் உறுப்பு.

எஃப்ஐஆரில் போட்ட பிரிவுகள் 188, 269, 294(பி), 353, 506(2). இதில் மிகப் பெரிய தண்டனை, கடைசிப் பிரிவின் ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, ஏன் கைது அவசியம் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருந்தது. காரணம் பார்க்காமல் இயந்திரம்போலக் காவலுக்கு அனுப்பும் மாஜிஸ்ட்ரேட் மீதும் துறை நடவடிக்கை வரும் என்று அதே தீர்ப்பு எச்சரித்தது. அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவதைக் குற்றமாக்கும் 188ஐப் பொறுத்தவரை, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்தில் புகார் கொடுக்காமல் நீதிமன்றம் அதைக் கையில் எடுக்கவே முடியாது. இதற்கெல்லாம் மேலே, கொரோனாவால் சிறைகளில் கூட்டத்தைக் குறையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அந்த மார்ச்சில்தான் மாநிலங்களுக்குச் சொல்லியிருந்தது.

மறுநாள், ஜூன் 20. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ச் சான்று வாங்கினார்கள். சாத்தான்குளம் நீதித்துறை நடுவர் ரிமாண்ட் உத்தரவு போட்டார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச்சிறைக்குக் கொண்டுபோனார்கள். கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22(2). நிறுத்தினார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் விதி மீறப்படவில்லை.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். இருபத்துநான்கு மணி நேரம் என்று ஏன் வைத்தார்கள்? அதற்குப் பிறகு அந்த உடம்பு போலீஸின் கையிலிருந்து வேறொரு கைக்கு மாற வேண்டும் என்பதற்காக. முதல் கை அரசாங்கத்துடையது, அடுத்தது நீதித்துறையுடையது. நடுவில் ஒரு டாக்டர். கடைசியில் சிறை, அது போலீஸோடு சேராத தனித் துறை. ஒருவர் செய்ததை அடுத்தவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை கைகள். ரிமாண்ட் என்பது நீதிபதியின் செயல், எழுத்தர் வேலை இல்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் மனுபாய் ரதிலால் படேல் வழக்கில் சொல்லியிருக்கிறது. சாத்தான்குளத்தில் டாக்டரிடம் தாள் இருந்தது. நடுவரிடம் தாள் இருந்தது. உடம்பில் இருந்த காயங்களைச் சிறையிலும் பதிவேட்டில் எழுதிக்கொண்டதாகப் பின்னால் செய்தி வந்தது. அதுவும் தாள்தான். இருவரையும் பக்கத்தில் அழைத்துப் பார்க்காமல், தூரத்தில் வைத்தே ரிமாண்ட் ஆயிற்று என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். ஆளைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

22(1) இன்னொரு கையையும் தருகிறது: தன் விருப்பப்படி ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமை. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட பதினொரு கட்டளைகளில் குடும்பத்துக்குத் தகவல், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. அந்தக் கட்டளைகளை எழுதிய பலகைகளைப் பல ஸ்டேஷன்களின் சுவரில் பார்க்கலாம். சிலவற்றில் எழுத்து மங்கிப்போய், புதுச் சுண்ணாம்பு பாதி மறைத்திருக்கும்.

ஜூன் 22 இரவு மகன் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார். 23 அதிகாலையில் தந்தை.

கோவில்பட்டியிலிருந்து வந்த நடுவர்

24ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. யாரும் மனு போடவில்லை. 226ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அதிகாரம் அவ்வளவு அகலமானது. 32ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு இருப்பதைவிடவும் சில வகையில் அகலம். பிரேதப் பரிசோதனை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நடந்தது. மூன்று டாக்டர்கள் கொண்ட குழு, வீடியோ பதிவு, நீதித்துறை நடுவரின் முன்னிலை.

இறப்பு கோவில்பட்டியில் நடந்ததால் 176(1ஏ) விசாரணை கோவில்பட்டி நடுவரிடம் வந்தது. ரிமாண்ட் செய்த நீதிமன்றமே அதை விசாரிக்க வேண்டிய நிலை வரவில்லை. எதற்கு அவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்று ஊரே கேட்ட அந்த நூறு கிலோமீட்டர், விசாரணைக்கு மட்டும் உதவியாக அமைந்துவிட்டது.

ஜூன் 28 அந்த நடுவர் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கே போனார். இதுதான் இந்த வழக்கின் திருப்பம் என்று நினைக்கிறேன். போகாமல், ஸ்டேஷனிலிருந்து ஆவணங்களை வரவழைத்து மேசையில் வைத்துப் பார்த்திருக்கலாம். பல விசாரணைகள் அப்படித்தான் நடக்கின்றன. போனவருக்குக் கிடைத்த வரவேற்பை அவரே உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். உயர் அதிகாரிகள் இருந்தும் ஒத்துழைப்பு இல்லை. ஒரு காவலர் அவர் காதுபட ஒருமையில் ஏளனமாகப் பேசினார். சிசிடிவி இருந்தது, சேமிக்க இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அமைத்திருந்தது. 19ஆம் தேதி இரவு அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விடிய விடிய அடித்தார்கள், மேசையிலும் லத்திகளிலும் ரத்தக் கறை இருக்கிறது, அழிப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள் என்று சாட்சி சொன்னார். வெளியே சக போலீஸார் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க, கையெழுத்துப் போடவே அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

அரசமைப்புச் சட்டத்தில் எந்த உறுப்பிலும் அந்தத் தலைமைக் காவலர் இல்லை. மூன்று கட்டப் படத்தில் அவர் இருப்பது "அரசு" என்ற கட்டத்துக்குள். பிரிவினை என்று நாம் சொல்வது, அன்று இரவு, ஒரே துறைக்குள் ஒரே கட்டடத்துக்குள் ஒரு பெண் மற்றவர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டதில்தான் தொடங்கியது. அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அமீனாவும் டவாலியும்

29ஆம் தேதி உத்தரவு. தடயங்கள் அழியாமல் இருக்க, ஸ்டேஷனை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்க மாவட்ட கலெக்டர் ஏற்பாடு செய்ய வேண்டும். தடய அறிவியல் ஆட்கள் வந்து எடுக்க வேண்டியதை எடுக்க வேண்டும். நடுவரிடம் அப்படி நடந்துகொண்ட மூவர் மீது, இரண்டு உயர் அதிகாரிகளும் ஒரு காவலரும், நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை. 215ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரம் அது.

ஏன் கலெக்டர்? நீதிமன்றத்திடம் ஆள்பலம் கிடையாது. உத்தரவுகளைக் கொண்டுபோய் நிறைவேற்றும் அமீனா இருக்கிறார், நீதிபதியின் உதவியாளரான டவாலி இருக்கிறார். இவர்களை வைத்து ஒரு ஸ்டேஷனைக் காவல் காக்க முடியாது. வேறு ஊர் எஸ்.பி.யிடம் கொடுக்கலாம், அதுவும் அதே துறைதான். நீதிபதிகள் அரசாங்கத்தின் வேலையைத் தாங்களே செய்யவும் இல்லை. அரசாங்கத்தின் ஒரு கையை எடுத்து அதே அரசாங்கத்தின் இன்னொரு கையைப் பிடிக்கவைத்தார்கள். இந்தியாவில் அதிகாரப் பிரிவினை அமெரிக்காவில்போல இறுக்கமாக இல்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். அமைச்சர்கள் சட்டமன்றத்திலேயே உட்கார்ந்திருப்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அதைவிட நல்ல எடுத்துக்காட்டு சாத்தான்குளம் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்ற ரெவின்யூ ஜீப்.

1908-ஐ நினைத்தால் சிரிப்பும் வருகிறது. எந்தக் கலெக்டர் நாற்காலியிலிருந்து நீதியைப் பிரித்து எடுக்க அறுபது, எழுபது ஆண்டு பாடுபட்டார்களோ, அதே நாற்காலியைத்தான் போலீஸைத் தடுக்க நீதிமன்றம் கூப்பிட்டது. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. வின்ச் துரை தன் அதிகாரத்தில் செய்தார். 2020-இன் கலெக்டர் வேறொருவர் எழுதிய உத்தரவின்படி, தடயத்தைக் காப்பது என்ற ஒரே காரணத்துக்காக, சில நாட்களுக்கு மட்டும் செய்தார்.

அடுத்த நாள், 30ஆம் தேதி, பிரேதப் பரிசோதனையின் முதல் விவரங்களையும் நடுவரின் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்த அமர்வு, கொலைக் குற்றத்துக்கு முதல்நோக்கில் முகாந்திரம் இருப்பதாகச் சொன்னது. மாநில அரசு அதற்குள் வழக்கை சிபிஐக்கு மாற்ற முடிவெடுத்திருந்தது. இங்கே கூட்டாட்சியின் ஒரு கணக்கு வருகிறது. போலீஸ் மாநிலத்துடையது என்பதால், டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம், 1946-இன் ஆறாம் பிரிவுப்படி மாநிலம் சம்மதிக்காமல் சிபிஐ உள்ளே வர முடியாது. சம்மதம் இல்லாவிட்டாலும் உயர் நீதிமன்றம் 226இன் கீழ் அனுப்பலாம் என்று மேற்கு வங்க வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2010-இல் தீர்த்துவிட்டார்கள். சாத்தான்குளத்தில் அந்த மல்லுக்கட்டு தேவைப்படவில்லை. சிக்கல் காலத்தில் இருந்தது. டெல்லியில் கோப்பு நகர்ந்து சிபிஐ வந்து சேர்வதற்குள் தடயம் என்ன ஆகும்? அதனால் இடைக்காலத்தில், மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடியின் நெல்லை டிஎஸ்பி விசாரிக்கட்டும் என்றது நீதிமன்றம். ஜூலை 1-இல் கைதுகள் தொடங்கின. அன்று சாத்தான்குளத்தில் வெடி போட்டார்கள். பத்துப் பேர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் ஆகஸ்டில் கொரோனாவில் இறந்தார். செப்டம்பரில் மற்ற ஒன்பது பேர் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்கு மதுரை செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது.

மறுப்புகள்

எங்கள் பார் அறையில் எல்லாரும் கை தட்டிவிடவில்லை. மூத்தவர் ஒருவர் அன்றே கேட்டார்: "முகாந்திரம் இருக்குன்னு ஹைகோர்ட்டே சொன்ன பெறகு, கீழ உள்ள ஜட்ஜு மாத்தி எழுதுவாராய்யா?" நியாயமான கேள்வி. புலனாய்வு போலீஸின் எல்லை, விசாரணை நீதிமன்றத்தின் எல்லை. தடயம் எடுக்க ஏற்பாடு செய்து, யார் விசாரிக்க வேண்டும் என்று சொல்லி, எந்தக் குற்றம் என்றும் சொல்லிவிட்டால், அதிகாரத்தைக் கட்டுப்படுத்த வந்தவரைக் கட்டுப்படுத்துவது யார்? "முதல்நோக்கில்" என்ற சொல்லுக்குள் பத்திரமாக நின்றுகொண்டார்கள் என்பது என் பதில். அது அரைப் பதில் என்று எனக்கே தெரியும். முழுப் பதிலின் மீதி, உயர் நீதிமன்றத்தின் உத்தரவும் உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்பட்டது என்பதில் இருக்கிறது.

எனக்கு இருக்கும் சங்கடம் வேறு. தாமாக முன்வருவது என்பது ஒரு கதவு. அது எப்போது திறக்கும் என்று எழுதப்பட்ட விதி இல்லை. சாத்தான்குளத்தில் கடைகள் அடைத்தன, நாடு முழுக்கப் பேசினார்கள், கதவு திறந்தது. சத்தம் எழாத ஊரில் என்ன நடக்கும்? அம்பாசமுத்திரத்தைப் பாருங்கள். 2023 மார்ச்சில், விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பற்களைக் குறடால் பிடுங்கினார் என்று ஓர் இளம் போலீஸ் அதிகாரி மீது குற்றச்சாட்டு எழுந்தது. முதலில் விசாரித்தவர் சேரன்மகாதேவி சப் கலெக்டர். பிறகு மாநில அரசு ஒரு மூத்த ஐஏஎஸ் அதிகாரியை உயர்மட்ட விசாரணைக்கு நியமித்தது. இருவரும் அரசாங்கத்தின் ஆட்கள். அதற்கப்புறம் சிபிசிஐடி. 176(1ஏ) அங்கே வராது, யாரும் இறக்கவில்லை. உயிர் போனால் நீதித்துறை நடுவர், பல் போனால் சப் கலெக்டர். சட்டத்தின் கோடு அங்கேதான் போட்டிருக்கிறது.

பிரித்து வைத்தது தானாகவே மறுபடி ஒட்டிக்கொள்ளும் குணமும் இருக்கிறது. கமிஷனர் உள்ள மாநகரங்களில், நன்னடத்தைப் பிணை வாங்கும் நிர்வாகத்துறை நடுவர் அதிகாரத்தைத் தமிழக அரசு காவல் துணை ஆணையர்களுக்கே கொடுத்தது. பிடிப்பவரும் அவரே, பிணை கேட்பவரும் அவரே, மீறினால் சிறைக்கு அனுப்புபவரும் அவரே. 1908-இன் நாற்காலியை எடுத்துவந்து காக்கி உறை போட்ட மாதிரி. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை, அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்று சொல்லி ரத்து செய்தது. சாத்தான்குளம் அளவுக்கு இந்தத் தீர்ப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னைக் கேட்டால், தினசரி வாழ்க்கையில் இது தொடும் ஆட்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம்.

சிசிடிவிக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2020 டிசம்பர் 2-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், வராந்தா என்று எல்லா இடத்திலும் கேமரா, ஒலியோடு, பதினெட்டு மாதம் அழியாமல் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றன்றே அழியும் கேமராவைச் சட்டப் புத்தகம் எப்படிச் சமாளிக்கும் என்று நாங்கள் ஜூனில் விழித்துக்கொண்டிருந்ததற்கு ஆறு மாதத்தில் ஒரு பதில். 2024 ஜூலை 1 முதல் பழைய நடைமுறைச் சட்டமே போய்ப் புதியது வந்துவிட்டது. ரிமாண்டைப் பற்றிய 167 இப்போது 187. காவல் மரண விசாரணைக்கான 176 இப்போது 196. எண்கள் மாறினாலும் ரிமாண்ட் மேசையின் உயரம் மாறவில்லை.

அந்த மேசையைப் பற்றி ஒன்று. அதே 2020-இல், ஆகஸ்ட் என்று நினைக்கிறேன், ஆடு திருட்டு வழக்கில் ஒரு பையனுக்காக ரிமாண்டுக்கு நின்றேன். எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். நடுவர் தாள்களைப் புரட்டினார், மருத்துவச் சான்றைப் படித்தார். வழக்கமாக அங்கேயே பேனாவைத் திறப்பார். அன்று எழுந்து கீழே இறங்கி வந்தார். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்று, "சட்டையக் கழட்டுப்பா" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். பொத்தான்களைக் கழற்ற அவனுக்கு நேரம் பிடித்தது. "திரும்பு." திரும்பினான். "கால்?" கைலியை முழங்காலுக்குத் தூக்கிக் காட்டினான். "அடிச்சாங்களா?" "இல்ல ஐயா." கூட வந்திருந்த ஏட்டையா ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர் மேலே போய் உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் கைப்பட எழுதினார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.